பாவிக்காத நடை

1984ஆம் ஆண்டு அறுப்புப் பண்டிகையில் ஒரு பெண்பிள்ளையின் வாழ்நாள் நடை நானூற்று எழுபத்தைந்து ரூபாவுக்கு ஏலம் போனது. அதற்கு முன் ஏலம் கூறிய பூசணிக்காய் முந்நூறுக்குப் போயிருந்ததால், விலையை மலிவென்று சொல்ல முடியாது. அச்சுவேலிப் பக்கத்துத் தேவாலயங்களில் காணிக்கை ஏலம் நடந்தால் ஒருவரும் பொருளைப் பார்ப்பதில்லை. எதிராளியின் வாயைத்தான் பார்ப்பார்கள். முந்தின வருஷம் வினிபிரட் ரீச்சர் ஓர் ஓலைக்கொட்டிலில் கால் வழங்காத, கை வழங்காத ஏழு பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளிக்கூடத்துக்கு ஓடு போடத்தான் அந்த ஏலம். பிள்ளைகளும் தங்களிடம் உள்ளதில் ஒன்றைக் கொடுக்கவேண்டும் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். கைக்குழந்தையிலேயே போலியோ கண்ட பதினொரு வயதுச் சீலா, "என்ரை நடை கிடக்கு, ரீச்சர். ஒருநாளும் பாவிக்கேல்லை," என்றாள்.

புகையிலை வியாபாரி தம்பிஐயா சிரித்துக்கொண்டே நூறு கேட்டார். அவர் கேட்ட எதையும் வெங்காய வியாபாரி தேவராஜா விட்டுக்கொடுத்த சரித்திரம் இல்லை. மூன்றாந்தரம் கூறி முடிந்ததும் நடை தேவராஜாவின் கால்களுக்கு வந்து சேர்ந்தது.

வந்தது பதினொரு வயதுப் பிள்ளையின் நடை. இருநூறு இறாத்தல் மனிதர் மழைவெள்ளம் தேங்கிய குழி கண்ட இடமெல்லாம் இரண்டு காலாலும் குதித்தார். ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் போனார். "என்ன அண்ணை, பாவாடை தைக்கக் குடுத்தாச்சோ?" என்று தம்பிஐயா சந்தை நடுவில் கேட்டார். தேவராஜா நடையைத் திருப்பிக் கொடுக்கப் போனால், "ஏலத்திலை எடுத்ததைத் திருப்பி வாங்கிறேல்லை, ஐயா," என்று சீலா கையை விரித்துவிட்டாள். வருஷம் போக நடையும் வளர்ந்து அடங்கியது. தொண்ணூறில் பெற்றோல் இல்லாமல் லொறிகள் நின்றபோது தேவராஜா வண்டில் மாட்டையும் விற்றுவிட்டு, பருத்தித்துறை வரைக்கும் வண்டிலைத் தானே இழுத்துப்போய்த் திரும்பினார், வேர்க்கவில்லை. தம்பிஐயா இன்னொரு நடை கிடைக்குமா என்று விசாரிக்கப் போனார். வினிபிரட் ரீச்சர் வாசல் படலையிலேயே மறித்து அனுப்பினார். 1995இல் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு பிள்ளைகள். காலையில் பேர் இடாப்புக் கூப்பிடும் ரீச்சர் சீலா.

அந்த வருஷ ஐப்பசியில் ஷெல்லுக்குப் பயந்து ஊர் முழுக்கத் தென்மராட்சிக்கு எழும்பிப் போனது. சைக்கிள் வைத்திருந்தவர்கள் தாய்தகப்பனை ஏற்றினார்கள். பள்ளிக்கூடத்தை ஏற்ற ஆளில்லை. தேவராஜா வந்து முற்றத்தில் செருப்பைக் கழற்றினார்.

"பிள்ளை, உன்ரை நடையைப் பிடி. நீயாவது தப்பு."

"நான் ஒருத்தி மட்டும் போறதோ? எனக்கு நடக்கத் தெரியாது, பழக இப்ப நேரமுமில்லை. உங்களுக்குப் பதினொரு வருஷப் பழக்கம். வண்டில் எங்கை?"

"படலையடியிலை. பன்னிரண்டு அந்தர் வெங்காயம் ஏத்தி நிக்குது. என்ரை முழு முதலும் அதுதான், பிள்ளை."

"இறக்குங்கோ."

அவர் சீலாவைப் பார்த்தார், வெங்காயத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேசாமல் இறக்கினார். தெருவில் சனம் நெரிந்து நின்றதால் வயலுக்குள்ளால் இழுத்தார். ஒரு தரத்துக்குப் பதினொரு பேர், மூன்று தரம். கடைசித் தரத்தில் சீலா. சாவகச்சேரியில் ஒரு வேப்பமரத்தடியில் அவள் இடாப்பைக் கூப்பிட்டாள். வந்த பிள்ளைகள் முப்பத்தொன்று, ரீச்சர்மார் இரண்டு, வெங்காயம் இல்லை.