அம்பு வாங்கிய சாமியின் பெயர்

ஷியாமின் திரிவீல் முற்றத்தில் வந்து நின்றபோது செபஸ்தியன் விறாந்தையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மகன் வந்தால் முதலில் விறாந்தைக்கு வந்து அப்பாவிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும், அதற்குப் பிறகுதான் குசினிப் பக்கம் போக வேண்டும் என்பது அந்த வீட்டின் ஒழுங்கு. அன்றைக்கு அவன் இறங்கியவுடன் பின்சீட்டுப் பக்கம் குனிந்து, "செபஸ்தியன், எறங்குடா! வா, வா, பயப்படாத" என்றான்.

செபஸ்தியன் எழுந்து நின்றார். தலை முழுக்க நரைத்த பிறகும் முதுகு வளையாத மனிதர். பெற்ற பிள்ளை தன்னை 'டா' போட்டுக் கூப்பிட்ட அந்தக் கணத்தில் அவருக்குக் கோபம்கூட வரவில்லை. காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார். பின்சீட்டிலிருந்து செம்மண் நிறத்தில் பெரிய நாய் ஒன்று குதித்து, உடம்பை ஒருமுறை உதறிவிட்டு, நேராக அவரிடம் வந்து செருப்பை முகர்ந்தது.

"சீகிரியால நான் ஹயர் போற கெஸ்ட் ஹவுஸ நடத்துற ஜெர்மன் நோனாவோட நாய்ப்பா" என்றான் ஷியாம். "மூடிட்டு ஊருக்குப் போறாங்க. இத கூட்டிட்டுப் போக முடியலன்னு அழுதாங்க. ரோட்டுல விட எனக்கு மனசு வரல."

"அது இருக்கட்டும். பேரு?"

ஷியாம் தலையைச் சொறிந்தான். "அவங்க தம்பி பேராம். பாசத்துல வச்சிருக்காங்க."

"நாய்க்கா?"

"நாய்க்குத்தான்."

குசினி வாசலில் அவன் அம்மா மரியாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, பயமா என்று தெரியவில்லை.

செபஸ்தியன் என்பது அந்தக் குடும்பத்தில் வெறும் பெயர் அல்ல. இறத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கோயில் என்று சொல்ல ஒரு தகரக் கூரைகூட இல்லாத காலத்தில், உடம்பெல்லாம் அம்பு தைத்த புனித செபஸ்தியாரின் சுரூபத்தைத் தலையில் சுமந்து மலையேற்றி வைத்தவர் இவருடைய தாத்தா. அவருக்கும் அதே பெயர். தாத்தாவிடமிருந்து பேரனுக்கு என்று ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை இறங்கி வரும் பெயர் அது. தோட்டத்தை விட்டு நாவுலவில் காணி வாங்கி வந்து இத்தனை காலமான பிறகும், தை மாதத் திருவிழாவில் கொடியைத் தொட்டுக் கொடுக்க இவரைத்தான் அழைப்பார்கள். அந்தப் பெயரைக் கெடுக்கிற மாதிரி இவர் குடித்ததில்லை, கடன் வாங்கியதில்லை, சந்தியில் நின்று சத்தம் போட்டதில்லை.

மரியாயி அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளுக்கு 'இந்தாங்க'தான். பிறரிடம் 'ஷியாமோட அப்பா'. கிராம சேவகர் கணவன் பெயரைக் கேட்டால் அவருடைய அடையாள அட்டையை எடுத்து நீட்டுவாள். பிரசவத்துக்குப் போயிருந்தபோது, நோவுக்கு நடுவிலும் பெயரைச் சொல்ல மறுத்து மருத்துவத் தாதியிடம் ஏச்சு வாங்கினவள். கோயிலில் இருக்கும் சாமியைக்கூட அவள் 'அம்பு வாங்குன சாமி' என்றுதான் சொல்வாள். இதைப் பற்றிச் செபஸ்தியன் யாரிடமும் பெருமை பேசியதில்லை. ஆனால் தன் வீட்டின் மரியாதை எங்கே நிற்கிறது என்று கேட்டால், அவர் மனம் முதலில் அங்கேதான் போகும்.

இப்போது அந்த நாய்க்குச் சோறு வைக்க வேண்டியவளும் அவளே. அவள் தட்டைத் தட்டினாள், விரலைச் சொடுக்கினாள். நாய் அசையவில்லை. கடைசியில் "இந்தா... இந்தா" என்று கூப்பிட்டாள். விறாந்தையிலிருந்து செபஸ்தியனும் திரும்பிப் பார்த்தார்.

இரண்டு நாளில் விஷயம் சந்திக்குப் போய்விட்டது. சீனி வாங்கப் போனபோது கடைக்காரர் புஹாரி தராசைக்கூடத் தொடாமல் ஆரம்பித்தார்.

"என்ன ஐயா, ஒங்கட பேர்ல இன்னொராள் ஊட்டுக்கு வந்தீக்காமே?"

செபஸ்தியன் சீனி மூட்டையைக் காட்டினார்.

"ஷியாம் தம்பி 'செபஸ்தியன், செருப்பக் கடிக்காத' எண்டு கத்தினது இங்க வரைக்கும் கேட்டிச்சி. நான் பதறிப் பெய்த்தன், ஐயாக்கு என்ன நடந்தீக்கி எண்டு."

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். "அதோட பேர மாத்தியாச்சு. டொமி" என்றார் செபஸ்தியன். அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே வைத்த பெயர்தான் அது.

அன்றிலிருந்து அவர் தினமும் காலையில் முற்றத்தில் நின்று, கையில் பிஸ்கட்டுடன், "டொமி" என்பார். நாய் மாமரத்து அணிலைப் பார்க்கும். "டொமி, இங்க வா." நாய் கொட்டாவி விடும். அவர் பிஸ்கட்டைக் காட்டினால் வரும். தின்னும், நன்றியாக வாலாட்டும். ஆனால் அந்தப் பெயரை மட்டும் ஏற்றுக்கொள்ளாது. ஷியாமும் வீட்டுக்கு வரும்போது அந்தப் பழைய பெயரைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டார். மரியாயி எந்தப் பெயராலும் கூப்பிடாமல் சோற்றுத் தட்டை நாயின் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாள்.

மழைக்கு முந்திய ஒரு அந்தி. தோட்டத்துக் கிணற்று மோட்டரை நிறுத்துவதற்காகச் செபஸ்தியன் கீழே இறங்கினார். நாயும் பின்னால் வந்தது. வாழைகளுக்கு நடுவில் ஒரு பெரிய பாறை இருந்தது. அதைக் கடந்து இரண்டு எட்டு வைத்த பிறகுதான் அந்த இடத்தில் பாறை கிடையாது என்பது அவருக்கு நினைவு வந்தது.

பாறை காதை அசைத்தது.

தனியன் யானை. இவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு சத்தமில்லாமல் எப்படி வந்து நின்றது? ஒரு வாழைகூட முறியவில்லை, ஒரு சருகுகூட நொறுங்கவில்லை. அவர் ஓடவில்லை. பயமில்லாததால் அல்ல, கால் இருப்பது தெரியாததால். நாய்தான் பாய்ந்தது. யானையின் முன்னங்கால்களைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது. யானை தும்பிக்கையைச் சுருட்டி ஒரு எட்டு முன்னால் வைத்தது. அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்: யானை துரத்தினால் நாய் எசமானின் காலடிக்குத்தான் ஓடி வரும், யானையையும் கூட்டிக்கொண்டு. நாய் குரைத்தபடியே பின்வாங்கி அவரை நோக்கி வரத் தொடங்கியது.

"டொமி" என்றார். குரல் எழும்பவில்லை. "டொமி, போ. போ..."

நாய் அவர் முழங்காலில் வந்து இடித்தது. யானை இன்னொரு எட்டு வைத்தது.

அப்போது மேலே வீட்டுப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

"செபஸ்தியன்!"

அவர் திரும்பினார். நாயும் திரும்பியது.

"செபஸ்தியன்! வா! செபஸ்தியன்!"

நாய் அவர் காலை விட்டுவிட்டு, மிளகாய்ப் பாத்திக்கு அந்தப் பக்கமாக வரப்போரம் சுற்றி மேலே பறந்தது. யானை அது போன திசையில் ஒரு எட்டு வைத்து நின்றது. இனி குரைப்பும் இல்லை, ஓட்டமும் இல்லை. மங்கிய வெளிச்சத்தில் அது அவரைப் பார்த்தது. காது விசிறிய காற்று அவர் முகத்தில் பட்டது. சேறும் பச்சிலையும் கலந்த வெதுவெதுப்பான வாசனை. அதன் கண்ணுக்குக் கீழே ஒரு ஈரக்கோடு. இத்தனை வருஷம் நிமிர்ந்து நின்று பழகிய மனிதருக்கு, நிமிர்வது என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்ததுபோல இருந்தது. அவர் மெதுவாகத் தலை குனிந்தார். கோயிலில்கூட அவ்வளவு குனிந்ததில்லை.

யானை ஒரு வாழையைக் குருத்தோடு பிடுங்கித் தும்பிக்கையில் ஏந்திக்கொண்டு, அவசரமே இல்லாமல், வந்த வழியாகவே போய்விட்டது.

அதற்குப் பிறகும் அவர் அங்கேயே நின்றார். மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. யானையின் வாசனைகூடப் போய்விட்டது, அந்தக் குரல் போகவில்லை. தன் பெயர் மரியாயியின் வாயில் எப்படி இருக்கும் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. கணீரென்று இருந்தது. ஒரு இளம்பெண்ணின் குரல்போல இருந்தது. முதல் தடவை ஒரு சொல்லைச் சொல்கிறவர்களுக்கு நாக்கு எங்காவது தடுக்கும். அவளுக்குத் தடுக்கவில்லை. காலமெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல்லைப்போல அது வந்தது. அப்படியானால் அவள் அதை எங்கே சொல்லிக்கொண்டிருந்தாள்? எப்போது? எந்த அடுப்படியில், எந்தச் செபத்துக்கு நடுவில், யாருக்கும் கேட்காமல்?

மேலே வந்தபோது மரியாயி பின்வாசல் படியில் உட்கார்ந்து நாயின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"கோவிச்சிக்காதீங்க. வேற என்னா சொல்லிக் கூப்புட்டாலும் அது வராதுங்க."

"ம்" என்றார். பிறகு, "மரியாயி..."

"என்னாங்க?"

கேட்க நினைத்தது வாயில் வரவில்லை. தன் பெயரைப் பற்றி அவளிடம் கேட்க அவருக்கே கூச்சமாக இருந்தது.

"காலெல்லாம் சேறு. கழுவிட்டு வாங்க" என்று அவள் உள்ளே போனாள்.

மறுநாள் காலை புஹாரி கடையில் செபஸ்தியன் பிஸ்கட் பக்கட் ஒன்றை எடுத்து வைத்தார்.

"டொமிக்கா ஐயா?"

"செபஸ்தியனுக்கு."

புஹாரி சிரிக்க வாயைத் திறந்தார். எதிரில் நின்றவரின் முகத்தைப் பார்த்தார். சிரிக்காமல் மீதிச் சில்லறையைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அவர் விறாந்தையில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். நாய் அவருடைய கதிரைக்கு அடியில் வந்து படுத்தது. உள்ளே மரியாயி சோற்றில் கருவாட்டுத் துண்டைப் பிசைந்து போடுவது கேட்டது. பின்வாசல் திறந்தது. தட்டைச் சீமெந்தில் வைக்கும் சத்தம். இத்தனை நாளும் அவள் தட்டோடு முன்னால் வருவாள். இன்றைக்கு வரவில்லை. இனி கூப்பிட்டால்தான் நாய் போகும்.

நாய் தலையைத் தூக்கிக் காதை நிமிர்த்தியது. செபஸ்தியன் பேப்பரின் பக்கத்தைப் பாதி திருப்பிய கையோடு, சத்தம் வந்துவிடக் கூடாதே என்று, அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.