நாற்பத்தொன்றாம் சீட்டு

ஞாயிறு பூசை முடிந்து, மாதா கோயில் முகப்பில் போட்டிருந்த நீண்ட மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. ஆளாளுக்குக் கையில் ஒரு பொம்மைப் பெட்டியோ, இரவு உடுப்போ, கால்பந்தோ இருந்தது. வரிசையின் நடுவில் க்ளோடா நின்றிருந்தாள். நீளமான செம்பட்டை முடி தோளில் தொங்க, ஞாயிற்றுக்கிழமையிலும் பள்ளிக் கோட்டுத்தான் போட்டிருந்தாள். முறை வந்ததும் தன் சிறிய பொட்டலத்தை மேசைமேல் வைத்து, அதில் நூலால் கட்டியிருந்த அட்டைச் சீட்டை எண் தெரியும்படி திருப்பிவிட்டாள். நாற்பத்தொன்று. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பட்டியலில் குறி போட்டுக்கொண்டிருந்த நோரீன் டெவனியின் பேனா அப்படியே நின்றது. நாற்பத்தொன்று என்பது க்ளோடாதான். அது நோரீனைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்கக் கூடாது.

"டிக் போடலியா டீச்சர்?" என்றாள் க்ளோடா.

பக்கத்தில் இருந்த கன்செப்டா அதற்குள் பொட்டலத்தைக் கையில் எடுத்துவிட்டாள். "அடேயப்பா, எவ்வளவு டேப்பு. டப்ளின்ல இனிமே யாருக்கும் டேப்பு கெடைக்காது போலிருக்கே. பொட்டலம் கட்டாம கொண்டாரணும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கோமே கண்ணு, படிக்கலியா? உள்ள என்னன்னு நாங்க பாக்கணும். போன வருஷம் ஒரு புண்ணியவான் பாதி தின்ன சாக்லேட் டப்பாவ வச்சுட்டுப் போயிட்டாரு."

"அவ மட்டும்தான் பிரிக்கணும்."

"எவ?"

"நாப்பத்தொண்ணு," என்ற க்ளோடா, நோரீனைப் பார்த்தாள். கெஞ்சுவதுபோலவோ மிரட்டுவதுபோலவோ அந்தப் பார்வை இல்லை. கணக்கை முடித்துவிட்டு விடை சரியா என்று கேட்கும் பிள்ளையின் பார்வை.

"இத நான் பாத்துக்கறேன் கன்செப்டா," என்று நோரீன் பொட்டலத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதற்கு எடையே இல்லாததுபோல் இருந்தது. க்ளோடா மற்றவர்களைப் போலவே மெழுகுவர்த்தித் தட்டைக் கடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு மழைக்குள் போனாள். "நல்ல பொண்ணு. எந்தத் தெரு?" என்று கேட்டாள் கன்செப்டா. "நம்ம ஸ்கூல்தான்," என்றாள் நோரீன்.

ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்மஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கியதும் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்மஸ் மரத்தை நிறுத்துவார்கள். வீடில்லாமல் ஹோட்டல் அறைகளில் தங்கவைக்கப்பட்டிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சீட்டு அதில் தொங்கும். சீட்டில் பெயர் இருக்காது. எண், வயது, ஆணா பெண்ணா, என்ன பிடிக்கும், அவ்வளவுதான். விரும்பியவர்கள் ஒரு சீட்டைப் பறித்துக்கொண்டு போய், அதில் உள்ளதை வாங்கி, சீட்டோடு கொண்டுவந்து கொடுப்பார்கள். சீட்டு எழுதுவது நோரீன் வேலை. பள்ளிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கும் நடுவே போய்வருவதற்கென்று பள்ளியில் இருக்கும் ஆசிரியை அவள். இருபத்திரண்டு வருஷமாகக் கதவுகளைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். சமீப காலமாக அவள் தட்டும் கதவுகளில் எண்கள் ஒட்டியிருந்தன.

சீட்டில் "பெண், பத்து வயது, பொம்மை" என்று எழுதினால் பொம்மைதான் வரும். பத்து வயதில் யார் பொம்மை கேட்டார்கள்? அதனால்தான் இந்த வருஷம் நோரீன் பிள்ளைகளிடமே பேச்சுவாக்கில் விசாரித்து எழுதினாள். க்ளோடா சொன்னது அவளுக்கு அப்படியே மனதில் தங்கிவிட்டது. அதை மாற்றி எழுதக் கை வரவில்லை. "புத்தக ஓரத்தில் கவ்விக்கொண்டு நிற்கும் சின்ன விளக்கு. தம்பி தூங்கின பிறகும் படிக்கணும்." எழுதி முடித்தபோது நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தாள். சீட்டில் ஒரு குழந்தையின் குரல் இருக்கிறது, கொடுப்பவர்கள் மனசு இளகும் என்று நினைத்தாள்.

அடுத்த வாரமே நான்காம் வகுப்பு, பாட்டுப் பயிற்சிக்குக் கோயிலுக்கு வந்தது. பிள்ளைகள் மரத்தைச் சுற்றி நின்று சீட்டுகளைச் சத்தமாக வாசித்தார்கள். "தம்பி தூங்கின பிறகும் படிக்கணுமாம். ஏன், அவ ரூமுக்குப் போய்ப் படிக்க வேண்டியதுதானே?" என்று ஒருத்தி கேட்டாள். "லூசு, அவளுக்கு ரூமே இருக்காது," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். க்ளோடாவும் சிரித்தாள். தூணுக்கு அருகில் நின்ற நோரீன் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். மறுநாள் மரத்தில் அந்தச் சீட்டு இல்லை. யாரோ புண்ணியவதி எடுத்துப் போய்விட்டாள் என்று அவளுக்கு மூச்சு வந்தது.

இப்போது பொட்டலம் அவள் சமையலறை மேசையில் இருந்தது. மூன்று நாள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். தேநீர் போட்டுக் குடிக்க மறந்தாள். ஒருவேளை அந்தக் குழந்தைக்குத் தெரியவே தெரியாதோ. தன்னைப் போலவே இன்னொருத்தி எங்கோ ஒரு ஹோட்டல் அறையில் இருக்கிறாள், அவளுக்கும் ஒரு தம்பி இருக்கிறான் என்று நம்பி, அவளுக்காக இதைக் கட்டியிருக்கலாம். அல்லது எல்லாம் தெரிந்து, கொடுப்பவர்கள் வரிசையில் ஒரு தடவை நின்று பார்க்க நினைத்திருக்கலாம். மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை நினைக்கும்போதுதான் நோரீன் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். இது ஒரு சோதனை. பொட்டலம் க்ளோடாவிடமே திரும்பி வந்தால், டீச்சரிடம் ரகசியமாகச் சொன்னதை டீச்சர்தான் மரத்தில் தொங்கவிட்டாள் என்பது அவளுக்கு உறுதியாகிவிடும். திரும்பி வராவிட்டால்? அந்த இன்னொருத்தி இருக்கிறாள் என்று ஆகும். அது பொய். அந்தப் பொய்யால் அவளுக்குத் துணை கிடைக்குமா, அல்லது டீச்சரிடம் எதையும் சொல்லக் கூடாது என்று ஒரு கதவு சாத்திக்கொள்ளுமா? நோரீனுக்கு எதுவும் பிடிபடவில்லை. செவ்வாய் மாலை கடைக்குப் போய், புத்தகத்தில் கவ்வும் விளக்கு ஒன்றைத் தானே வாங்கிவந்தாள். வாங்கிய பிறகு குழப்பம் இரண்டாகியது.

பரிசுகளைப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம் பார்த்து, கறுப்புக் குப்பைப் பையில் போட்டுத் தாய்மாரிடம் கொடுப்பதுதான் வழக்கம். கிறிஸ்மஸ் தாத்தா கொண்டுவந்ததாக இருக்க வேண்டுமே. புதன்கிழமை நோரீன் விமான நிலையச் சாலையில் க்ளோடாவின் குடும்பம் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போனாள். பையில் தம்பி டாராவுக்கு ஒரு மர ரயிலும் அந்த விளக்கும் இருந்தன. பொட்டலத்தைக் காரின் முன் இருக்கையில் விட்டுவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக ஏறினாள். முன்வாசல், விருந்தாளிகளுக்கு.

க்ளோடாவின் அம்மா லோரெய்ன் கதவைத் திறந்து உதட்டில் விரலை வைத்தாள். இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் குழந்தையின் தள்ளுவண்டி. ஒரு கட்டிலில் டாரா காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்தான்.

"வாங்க டீச்சர். ஒம்பது மாசமா ஹோட்டல்ல டூர் வந்து தங்கியிருக்கோம், யாருக்கும் ஒரு போஸ்ட்கார்டு கூடப் போடல. உக்காருங்க. எங்கன்னு கேக்காதீங்க."

நோரீன் சிரித்தாள். பையைப் பார்த்ததும் லோரெய்ன் குரலை இன்னும் தாழ்த்தினாள். "ஐயோ, இப்ப வேணாம். இவனுக்குக் காய்ச்சல்னு ரெண்டு பஸ் மாறிப் போக முடியல, அவளும் இன்னைக்கு ஸ்கூலுக்குப் போகல. உள்ளதான் இருக்கா." குளியலறைக் கதவைக் கண்ணால் காட்டினாள். கதவுக்கு அடியில் கோடு போட்டதுபோல் வெளிச்சம் தெரிந்தது. "அதுதான் மேடத்தோட ஆபீசு. தொட்டிக்குள்ள தலகாணியப் போட்டு உக்காந்தாள்னா எனக்கு அவசரம்னாகூட அப்பாயின்ட்மென்ட் வாங்கணும். இங்க எங்க டீச்சர் ஒளிச்சு வைக்கிறது? இருவத்திநாலாம் தேதி வரைக்கும் உங்க கார் டிக்கிலயே கெடக்கட்டும்."

"சரி."

"அவகிட்ட கொஞ்சம் பேசிப் பாருங்களேன். ரெண்டு வாரமா நீச்சல் கிளாசுக்குன்னு காசு வாங்கிட்டுப் போறா. தலமுடி மட்டும் நனையவே இல்ல."

நோரீன் பையின் வாயை முறுக்கிக்கொண்டே நின்றாள். அந்தக் காசு எங்கே போயிருக்கும் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். ஹோட்டலில் இருப்பது வகுப்பில் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது என்று லோரெய்ன் தன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது நினைவுக்கு வந்தது. சொல்ல ஆரம்பித்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை.

உள்ளே பக்கம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு குரல். "டீச்சரா அது?"

"ஆமா க்ளோடா."

"நாப்பத்தொண்ணுகிட்ட குடுத்தாச்சா?"

"என்னடி அது நாப்பத்தொண்ணு?" என்றாள் லோரெய்ன்.

"ஸ்கூல் விஷயம்மா."

நோரீன் அந்த வெளிச்சக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் இல்ல," என்றாள் கடைசியில்.

டாரா தூக்கத்தில் புரண்டு படுத்தான்.

"அவசரமில்ல டீச்சர். ஆனா வேற யாருக்கும் மாத்திக் குடுத்துடாதீங்க."

கீழே வந்தபோது நாலு மணிதான் ஆகியிருந்தது. இருட்டு கட்டிவிட்டது. பையை டிக்கியில் போடப் போனவள் போடாமல், அதைத் தூக்கிக்கொண்டே வந்து ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்தாள். காரின் உள்விளக்கு போன குளிர்காலத்திலேயே செத்துவிட்டது. ஒரு விமானம் தாழ்வாகக் கடந்து போனது. பைக்குள் கைவிட்டு, தான் வாங்கிய விளக்கை எடுத்து, அட்டையைப் பிரித்து, பொத்தானை அழுத்தினாள். உள்ளங்கை அளவு வெளிச்சம் வந்தது. அதைப் பொட்டலத்தின் ஓரத்தில் கவ்வவிட்டாள். சீட்டில் அவளுடைய கையெழுத்துத் தெரிந்தது. தம்பி தூங்கின பிறகும். அதற்குக் கீழே, மேலும் கீழுமாக ஒட்டிய டேப்பின் அடுக்குகளுக்கு நடுவில் ஒரு நீளமான செம்பட்டை முடி, ஒட்டும்போது குனிந்திருந்த தலையிலிருந்து விழுந்தது, எடுக்க முடியாதபடி வளைந்து கிடந்தது.