அலமாரிகளுக்குப் பின்னே

காய்ந்த மெழுகைச் சுரண்ட வெந்நீர் வேண்டும். மிதிபட்ட சூயிங்கத்தைப் பெயர்க்கக் கூரான தகடு வேண்டும். நிறுவனம் இரண்டையும் தருவதில்லை. விடியுமுன்னரே வந்து முழந்தாளிட்ட நான்கு பெண்களும் ஒரு குழாய்க்காரரும் பழைய கரண்டிகளின் விளிம்பால் பள்ளி அரங்கின் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தனர். முந்தைய மாலை அங்கே யாரோ ஒரு வணிகரின் விருந்து நடந்திருந்தது. சிந்திய எண்ணெயில் உள்ளங்கால் வழுக்கியது. குளிர்ந்த தரையில் முழங்கால்கள் மரத்துப்போயின. மணி அடிக்கும்போது இதே தரையில் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள்.

“தின்னதவிடக் கொட்டினதுதான் ஜாஸ்தி போல,” என்றாள் அண்ணி.

“நீங்க சமைச்சா நம்ம வீட்லயும் அப்படித்தானே அண்ணி,” என்றாள் நாத்தனார், தலை நிமிராமல்.

இருவருக்கும் வீடு ஒன்று, அடுப்பு ஒன்று, வேலையிடமும் ஒன்று. உடன் உழைப்பவர்களும் அவர்களை அண்ணி, நாத்தனார் என்றே அழைத்துப் பழகிவிட்டார்கள். அவர்களுடைய அன்றாடச் சண்டை வேலையின் அலுப்பைக் குறைத்ததால், சமாதானம் செய்துவைக்க யாரும் முயன்றதில்லை.

பள்ளி அரசுடையது, கட்டடம் நிறுவனத்துடையது. கட்ட அரசிடம் பணமில்லை என்றார்கள். எனவே அரசு நிலத்தில் நிறுவனம் கட்டியது. இன்று பிறக்கும் குழந்தை தன் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துவரும் காலம்வரை அரசு அதற்கு வாடகை தரும். மாலையானால் அரங்கும் மைதானமும் நிறுவனத்துக்கு. துப்புரவும் பழுதுபார்ப்பும் அதன் பொறுப்பே என்பதால், பழைய பள்ளியில் அரசு ஊழியர்களாக இருந்த இவர்கள் புதிய கட்டடத்துக்குள் நுழைந்த அன்றே ஒப்பந்தக் கூலிகளானார்கள். கூலி குறைந்தது, ஆள் குறைந்தது, தரை மட்டும் பெருகியது.

ஒப்பந்தத்தில் அரசுக்குச் சாதகமான விதி ஒன்று உண்டு. பயன்படுத்தத் தகாத அறைக்கு, அது அவ்வாறு இருக்கும்வரை வாடகை கிடையாது. நல்ல விதிதான். அதன் விளைவாக, தகாத அறை என்று அந்தக் கட்டடத்தில் ஒன்று இருந்ததேயில்லை. சுவரில் ஓதம் ஏறினால் அதன்மீது உலகப்படம் மாட்டப்பட்டது. விரிசல் விழுந்தால் அதன்முன் ஓர் அலமாரி நகர்ந்தது. மாட்டியவர்களும் நகர்த்தியவர்களும் இவர்களே; துப்புரவு என்பதற்குள் நிறுவனம் அதையும் அடக்கியிருந்தது. ஆசிரியர்களுக்குத் தெரியும். தலைமை ஆசிரியைக்கும் தெரியும். அறை தகாதது என்று அறிவிக்கும் உரிமை அவர் ஒருவருக்கே உரியது. ஒருமுறை அறிவிக்க முனைந்தார். பிள்ளைகள்தான் சுவரைக் கெடுத்தார்கள் என்று நிறுவனம் பள்ளியிடமே இழப்பீடு கோரியது. அதன்பின் அவர் முனையவில்லை.

வெளிச்சம் வந்ததும் ஐவரும் மாடிகளுக்குப் பிரிந்தார்கள். நாத்தனார் நான்காம் வகுப்பைப் பெருக்கிக்கொண்டிருக்கையில் கூரையிலிருந்து காரைப் பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. அண்ணி ஓடிவந்தபோது தூசி அடங்கியிருக்கவில்லை. நாத்தனார் பெஞ்சுகளுக்கிடையே உட்கார்ந்திருந்தாள். வலத்தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மேலே துருவேறிய கம்பிகள் தெரிந்தன.

“அண்ணி, அந்தத் தொடப்பத்த எடுத்து வைங்க. மிதிச்சு ஒடச்சிடாதீங்க.”

“தோளு ஒடஞ்சு கெடக்கு, தொடப்பத்தப் பத்திப் பேசுறியா?”

“தோளு என்னோடது. தொடப்பம் கம்பெனியோடது.”

அவளை இருவராகத் தாங்கிப் படியிறக்கினார்கள். ஒருத்தி அவளோடு மருத்துவமனைக்குப் போனாள். எஞ்சிய மூவரும், அதாவது அண்ணி, நெட்டை என்று பெயரெடுத்த உயரமான பெண், குழாய்க்காரர், மேலே திரும்பியபோது மேலாளர் வந்து நின்றிருந்தார். இளைஞர், யாரையும் ஒருமையில் அழைக்காதவர்.

“படியில விழுந்துட்டாங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லச் சொல்லிடுங்கம்மா. மணி அடிக்கறதுக்குள்ள இத அள்ளிடணும். மேல ஒரு வெள்ளத் துணிய இழுத்துக் கட்டிட்டா அலங்காரம் மாதிரி இருக்கும்.”

“புள்ளைங்க தலைக்கு மேல துணியா சார்?” என்றாள் நெட்டை.

“சாயங்காலம் ஆளு வந்து பூசிடுவாரு. ஒரு நாள் விஷயம்.”

“விழறதுக்கு அதுக்கு ஒரு நிமிஷம் போதுமே சார்,” என்றார் குழாய்க்காரர்.

“நீங்க குழாய மட்டும் பாருங்க.”

“அதப் பாத்துத்தான் சொல்றேன். மேல ஊறுறது குழாய்த் தண்ணி. குழாய மாத்தணும்னு கேட்டேன். சுண்ணாம்பு வாங்கிக் குடுத்தீங்க.”

அண்ணி காரைக் குவியலைத் தாண்டி முன்னால் வந்தாள். “எம் பொண்ணு இந்த ரூம்லதான் சார் படிக்கிறா,” என்றாள்.

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். “அத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. வாசல் பக்கம் உக்கார வெச்சிடலாம். நானே டீச்சர்கிட்ட சொல்றேன்.”

அவர் உண்மையாகவே சொன்னார். வாசல் பக்கத்துக் கூரை உறுதியாகவும் இருந்தது. அண்ணி தலையசைத்தால் போதும். மகளும் பத்திரம், வேலையும் பத்திரம். அவள் வாசலோரத்துப் பெஞ்சைப் பார்த்தாள். பிறகு காரை குவிந்துகிடந்த, மகள் உட்காரும் பெஞ்சைப் பார்த்தாள். வாசலோரத்திலிருந்து எழுப்பப்படும் பிள்ளை வந்து உட்கார வேண்டிய இடம் இதுதான்.

“அப்ப, வாசல் பக்கம் இருக்கற புள்ள எங்க உக்காரும்?”

“அதெல்லாம் உங்க கவல இல்லம்மா.”

“வேற யாரு கவல சார்?”

மேலாளரின் கைப்பேசி ஒலித்தது. “எல்லாம் சுத்தமா இருக்கணும்,” என்று சொல்லிவிட்டு, அதைக் காதில் வைத்தபடி கீழே இறங்கினார்.

“வேலைய நிறுத்திட்டு இங்கயே உக்காந்துடலாம்,” என்றாள் நெட்டை.

“உக்காந்தா வேற ஸ்கூல்லேர்ந்து ஆள எறக்குவான்,” என்றார் குழாய்க்காரர். “அள்ளிட்டுத் துணியக் கட்டிட்டுப் போயிடுவாங்க. நம்மள யாரும் கேக்கக்கூட மாட்டாங்க.”

“உக்கார வேணாம். பெருக்கலாம்,” என்றாள் அண்ணி. “சுத்தமா இருக்கணும்னு சொல்லிட்டுத்தானே போறாரு? அலமாரிக்குப் பின்னாடி நாம என்னிக்காவது பெருக்கியிருக்கோமா?”

நெட்டை சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “வேல போயிடும் அண்ணி.”

“போயிடும்.”

குழாய்க்காரர் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். நான்காம் வகுப்பின் குவியலைத் தொடாமல் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனார்கள். இரும்புக் கால்கள் தரையில் கிறீச்சிட்டன. அறை அறையாக அலமாரிகள் சுவரைவிட்டு விலகின. படங்கள் தூசி தட்டப்பட்டுக் கீழே சாய்த்துவைக்கப்பட்டன. கை நுழையும் விரிசல்கள். உள்ளங்கையில் கருமையாக ஒட்டிக்கொண்டு வரும் பூஞ்சை. ஈரச் சுவரில் தோலுரிந்த மின்கம்பி. சில விரிசல்களில் அவர்களே முன்பு திணித்த செய்தித்தாள் நைந்து கிடந்தது. தாங்கள் மறைத்தவற்றைத் தாங்களே பார்த்தபோது அவர்களுக்குப் பெருமிதம் எதுவும் தோன்றவில்லை.

மணி அடித்தது. நான்காம் வகுப்பு ஆசிரியை உள்ளே வந்தார், மேலே பார்த்தார், பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துச்சென்றார். மற்ற வகுப்புகளும் ஒவ்வொன்றாக இறங்கின. பிள்ளைகளை விட வந்த பெற்றோர் வாயிலைவிட்டு நகரவில்லை.

தலைமை ஆசிரியை எல்லா அறைகளையும் பார்த்துவிட்டுக் கடைசியாக நான்காம் வகுப்புக்கு வந்தார்.

“யாரு நகத்தினது?”

“நாங்கதான் டீச்சர். பெருக்கினோம்,” என்றாள் அண்ணி.

“கோர்ட்டுக்கு இழுப்பாங்க,” என்றார் அவர், யாரையும் நோக்காமல். கட்டடத்தின் சாவிகள் நிறுவனத்திடம் இருந்ததால் அவரால் அறையைப் பூட்ட இயலாது. தம் அறையிலிருந்து நாற்காலியைத் தாமே தூக்கிவந்து வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார்.

“மேடம், இது பெரிய பிரச்சினையாயிடும்,” என்றார் படியேறி ஓடிவந்த மேலாளர், மூச்சு வாங்க.

“இந்த ரூம் தகாதது. மத்த ரூமும்தான். எழுதிக்குங்க.”

மேலாளர் அண்ணியின் பக்கம் திரும்பினார். “உங்க அஞ்சு பேருக்கும் இனிமே இங்க வேலையில்ல.”

“ஆஸ்பத்திரியில இருக்கறவளுக்குமா?”

“எல்லாருக்கும்தான்.”

“அப்ப அவ எதுக்குப் படியில விழணும்? கூர விழுந்துச்சுன்னே சொல்லட்டும்.”

வெயில் ஏறியபின் ஒரு வேன் வந்தது. நிறுவனத்தின் வேறொரு பள்ளியில் துப்புரவு செய்யும் பெண்கள் அதே நிற மேலங்கியில் இறங்கி, வாயிலில் நின்ற பெற்றோரைத் தாண்டி மேலே வந்தார்கள். முன்னால் வந்த நரைத்த பெண் வழியிலிருந்த அறைகளை எட்டிப்பார்த்துக்கொண்டே வந்தாள். நான்காம் வகுப்பின் வாசலில் தலைமை ஆசிரியையின் தோளுக்கு மேலாகக் கூரையைப் பார்த்தாள்.

“சீக்கிரம் ஆகட்டும்மா,” என்றார் மேலாளர்.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். பின்னால் வந்தவர்களும் நின்றுவிட்டார்கள்.

“எங்க ஸ்கூல்ல படந்தான் ஜாஸ்தி,” என்றாள் அண்ணியிடம். “அலமாரி கொஞ்சந்தான்.”

“இரும்பா, மரமா?”

“இரும்பு. உள்ள நெறைய புஸ்தகம்.”

“புஸ்தகத்த மொதல்ல எறக்கிடுங்க,” என்றாள் அண்ணி. “அப்புறம் தூக்கப் பாக்காதீங்க, முதுகு போயிடும். ஒரு பக்கமா சாச்சு இழுங்க. மூணு பேரு போதும்.”