மூன்று வார உடோன்

காலை பத்து மணி நான்கு நிமிடத்துக்குக் கனாயேயின் நாடித்துடிப்பு எழுபத்தெட்டு. இரத்த அழுத்தம் சரி. வயிறு மெத்தென்று இருந்தது. மருத்துவச்சி சகாகி சிறு கருவியொன்றை அடிவயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்தைக் கேட்டார். குதிரை ஓடும் சத்தம். அட்டையில் முத்திரை குத்தினார். அது இல்லாமல் வகுப்புக்கு வரும் கர்ப்பிணிகள் நீச்சல் குளத்தில் கால் நனைக்க முடியாது.

கனாயேயின் தொப்பியில் அவள் பெயர். அதன் கீழே 29, இது எத்தனையாவது வாரம் என்பதற்கு. பதினாறு வருடங்களுக்கு முன் அவளிடம் வேறொரு தொப்பி இருந்தது. மாகாணப் போட்டி, இருநூறு மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சல், மூன்றாமிடம். இதையெல்லாம் தான் யாரிடமும் சொல்வதில்லை என்று அவள் நினைத்திருந்தாள். வகுப்பில் எட்டுப் பேருக்கும் அது தெரியும்.

வகுப்பில் மூச்சு வாங்கக் கூடாது. வாங்குகிறதா என்று பார்க்க சகாகி ஒரு வழி வைத்திருந்தார். குளத்தின் ஓரத்தில் குந்தியிருப்பார். சுவரைத் தொடுகிறவளிடம் கேட்பார்.

"இன்னைக்கு ராத்திரி என்ன சமையல்?"

பதில் திணறாமல் வந்தால் மேற்கொண்டு நீந்தலாம். திணறினால் நின்று இளைப்பாற வேண்டும்.

மினோரிக்கு நீந்தத் தெரியாது. மிதவைப் பலகையைக் கட்டிக்கொண்டு காலை மட்டும் உதைத்து வருவாள்.

"கானாங்கெளுத்திய மிசோ விழுதுல கொதிக்க வைக்கலாம்னு இருக்கேன். கீரைய அவிச்சு எள்ளு போட்டுப் பிசறணும். எங்க மாமியார் குடுத்த ஊறுகா வேற இருக்கு, உப்பு கொஞ்சம் ஜாஸ்தி, அவங்கள மாதிரியே..."

"போதும் மினோரி சான், போங்க."

கனாயே வருவாள்.

"உடோன்."

ஒரே சொல், அரை மூச்சு போதும். இரண்டாவது வகுப்பிலேயே அவள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். அதன் பிறகு தன் இஷ்டத்துக்கு நீந்தினாள். ஆனால் பொய் சொல்லக் கூடாது என்பதில் கண்டிப்பானவள். அதனால் சொன்னபடி உடோனே, அந்தத் தடித்த கோதுமை நூடுல்ஸையே, சமைத்தாள். வாரத்துக்கு இரண்டு வகுப்பு, மிச்சம் மறுநாளைக்கு. மூன்றாவது வாரம் அவள் கணவன் ரியோஹேய் கிண்ணத்தைப் பார்த்தபடி கேட்டான்.

"குழந்தைக்கு வேற எதுவுமே பிடிக்கலையாமா?"

"பிடிக்கலையாம்."

அன்று காலை பக்கத்துத் தடத்தில் ஒகிமுரா நீந்திக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், வயது எழுபத்து நான்கு. அவசரமே இல்லாமல் கைவீசி அவளைத் தாண்டிப் போனார். போகும்போது அவர் காலிலிருந்து தெறித்த தண்ணீர் அவள் முகத்தில் விழுந்தது. வேண்டுமென்றே செய்கிறார் என்று கனாயே முடிவு செய்தாள்.

அடுத்த திருப்பத்தில் அவரோடு சேர்ந்து சுவரை உதைத்தாள். ஏழு மாத வயிற்றோடு, ஒரு தாத்தாவை, அவருக்குத் தெரியாமல், இருபத்தைந்து மீட்டர் துரத்தினாள். அவருக்கு அரைக்கை முந்திச் சுவரைத் தொட்டாள்.

"என்ன சமையல்?"

"உடோன்."

சகாகி அடுத்தவளிடம் திரும்பினார். கனாயேக்குப் பழைய சந்தோஷம் வந்தது. பிறகு வயிறு இறுகியது. கைவைத்துப் பார்த்தாள். தர்ப்பூசணி போல இருந்தது.

போன வருடம் வந்த கரு பதினோராவது வாரத்தில் நின்றுபோயிருந்தது.

கையை உயர்த்தினாள்.

ஓரத்தில் பாய் விரித்து இடப்பக்கமாகப் படுக்க வைத்தார்கள். மினோரி துண்டு போர்த்தினாள். சகாகி வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரத்தம், தண்ணி எதாவது போகுதா?"

"இல்ல."

"வேகமா நீந்துனீங்களா?"

"எப்பவும் போலத்தான்."

அதுவும் பொய்யில்லை. வயிறு தளர்ந்தது. ஐந்து நிமிடத்தில் மறுபடி இறுகியது. சகாகி கருவியை எடுத்தார். அடிவயிற்றில் வைத்தார். கரகரவென்ற இரைச்சல் மட்டும் வந்தது. இடம் மாற்றினார். அதே இரைச்சல். குதிரை இல்லை.

"போட்டி போட்டேன்," என்றாள் கனாயே. "மூணு வாரமா வேகமாத்தான் நீந்தறேன். உடோன்னா மூச்சு வாங்கறது தெரியாது. அதான் உடோன்னு சொன்னேன்."

சகாகியின் கை நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே, இடுப்பெலும்புப் பக்கம் நகர்ந்தது. குதிரை ஓடியது.

"புள்ள திரும்பிப் படுத்திருக்கு," என்றார் சகாகி. நூற்று நாற்பத்து நான்கு என்று குறித்துக்கொண்டார். கனாயே அழுதாள். பிறகுதான் சகாகி அவள் முகத்தைப் பார்த்தார்.

"உங்க வீட்டுச் சாப்பாட்டுல எனக்கென்னங்க ஆசை? தண்ணிக்குள்ள இருக்கறப்ப உங்க மூச்சு எனக்குத் தெரியாது. நீங்க சொன்னாத்தான் உண்டு."

"மன்னிச்சிருங்க."

"யாரோட போட்டி?"

கனாயே விரலை நீட்டினாள். ஒகிமுரா விவரம் கேட்கத் தலை துவட்டியபடி அங்கேதான் நின்றிருந்தார்.

"என்னோடயா?" என்றார். "சொல்லியிருந்தா நானும் கொஞ்சம் வேகமா வந்திருப்பேனேம்மா."

சகாகி பார்த்த பார்வையில் அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

முக்கால் மணி நேரத்தில் வயிறு முழுதும் தளர்ந்தது. ஆனாலும் சகாகி மருத்துவமனைக்குப் போன் செய்து அனுப்பிவைத்தார். கர்ப்பப்பை வாய் மூடியிருக்கிறது, பயமில்லை என்றார் டாக்டர். இரண்டு வாரம் தண்ணீர் வேண்டாம், பிறகு கடிதம் தருகிறேன், மெதுவாக நீந்துங்கள் என்றார். காரில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஓட்டிக்கொண்டிருந்த ரியோஹேய் அடுத்த சிக்னலில் நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"அப்ப புள்ளைக்கு உடோன் பிடிக்கும்னு சொன்னது?"

"சும்மா."

"எனக்கும் பிடிக்கலை," என்றான்.

இரண்டு வாரம் கழித்து, தொப்பியில் 31. கடிதம் கொடுத்தாள். முத்திரை விழுந்தது. சகாகி அவளிடம் மிதவைப் பலகையைக் கொடுத்தார். அவள் மினோரிக்குப் பின்னால் காலை உதைத்துப் போனாள். மினோரி அவளைவிட வேகமாகப் போனாள். போகட்டும் என்று விட்டாள். இரண்டாவது முறை மினோரி தாண்டியபோதும் விட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

நீளமான பதிலொன்றை முந்தின நாளே தயார் செய்திருந்தாள். கோழி, முள்ளங்கி, தாமரைக் கிழங்கு, எல்லாவற்றையும் எப்படி நறுக்குவது என்பது உட்பட.

சுவருக்கு வந்தாள். பக்கத்துத் தடத்தில் ஒகிமுரா கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி அவளுக்குத் தலைவணங்கினார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு சுவரை உதைத்துக் கிளம்பினார். தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது. கனாயேயின் கால் தானாகச் சுவரைத் தேடியது.

சகாகி அவள் தலைக்கு நேர் மேலே குந்தினார்.

"கனாயே சான், இன்னைக்கு ராத்திரி என்ன சமையல்?"