ஜூலை வரைக்கும் பொறு

வெர்னன் ஹூடாக் ஓய்வு பெற்றபோது டயர் ஆலைக்காரர்கள் ஒரு வசதி சொன்னார்கள். முழுப் பணத்தையும் தானே கட்டினால், ஆலையின் மருத்துவக் காப்பீட்டை இன்னும் ஒன்றரை வருஷம் வைத்துக்கொள்ளலாம். வெர்னன் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினான். அவனுக்கும் மனைவி லோர்னாவுக்கும் அறுபத்தைந்து தாண்டியாயிற்று. ஆஸ்பத்திரியில் படுத்தால் உதவும், அந்த வயதுக்காரர்களுக்கான அரசுக் காப்பீடு இருவருக்கும் இருந்தது. டாக்டரைப் பார்க்க, ஸ்கேன் எடுக்க உதவும் அதன் 'பி' பகுதியில்தான் அவர்கள் சேரவில்லை.

"கையில ஒண்ணு இருக்கும்போது இன்னொண்ணு எதுக்கு?" என்றான் வெர்னன். அமெரிக்காவில், டயர் ஆலைகள் நிறைந்த அந்த ஆக்ரன் பக்கத்தில் அப்படி நினைத்தவர்கள் ஏராளம்.

அங்கேதான் சட்டம் கழுத்தறுத்தது. 'பி'யைத் தள்ளிப்போட, வேலையில் இருக்கும்போது உள்ள காப்பீடுதான் கணக்கில் வரும். வேலையை விட்டபின் காசு கட்டி வைத்திருப்பது வராது. விட்ட எட்டு மாதத்துக்குள் 'பி'யில் சேர்ந்திருக்க வேண்டும். மாதாமாதம் காசை மட்டும் வாங்கிக்கொண்ட எந்தப் புண்ணியவானும் இதை அவனிடம் வாயைத் திறந்து சொல்லவில்லை.

ஜனவரியில் லோர்னா இருமலுக்கு வைத்தியம் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. 'பி'யில் அரசு தர வேண்டிய பங்கை நாங்கள் தரமாட்டோம் என்று காப்பீட்டுக்காரன் கையை விரித்துவிட்டான். இருவரும் அரசு அலுவலகத்துக்கு ஓடினார்கள்.

"இப்ப சேத்துக்கறேன் சார். ஆனா ஜூலை ஒண்ணாந் தேதிதான் ஆரம்பிக்கும்" என்றாள் கவுண்ட்டரில் இருந்த பெண்.

"அதுவரைக்கும்?"

"உங்க கைக்காசுதான் சார்."

"நான்தான் மாசாமாசம் கட்டினேனே."

"தெரியுது சார். தினம் உங்கள மாதிரி யாராவது வந்து இதையேதான் சொல்றாங்க."

காரில் லோர்னாதான் பேச்சை எடுத்தாள். "ஜூலை வரைக்கும் நமக்கு நோவு வரக்கூடாதுன்னு அரசாங்க உத்தரவு, வெர்ன். மீறினா உன்னத்தான் உள்ள போடுவாங்க."

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சர்ச்சின் கீழ்த்தளத்தில் பெண்கள் கூடி, உருளைக்கிழங்கு வைத்துப் பிரோகி என்ற கொழுக்கட்டை மடித்து விற்பார்கள். வருஷா வருஷம் நின்றபடியே மடிக்கும் லோர்னா, அந்த மார்ச்சில் நாற்காலி கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்தாள்.

"இங்க ஏதோ புடிச்சு இழுக்குது, வெர்ன். காட்டிரலாமா?"

வெர்னனுக்கு இருந்த ஒரே சொத்து அந்த வீடு. "ஜூலைல போலாமே. இன்னும் கொஞ்ச நாள்தானே? ஸ்கேன் அது இதுன்னு ஆரம்பிச்சா வீட்டையே முழுங்கிருவானுங்க."

"சரி" என்றாள் லோர்னா.

பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பாவி மனுஷன், அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டான். நம்பினான் என்றுகூடச் சொல்ல முடியாது. பாவாடை இடுப்பில் நிற்காமல் அவள் ஊக்குப் போட்டுக்கொண்டதைப் பார்த்தான். தட்டில் பாதி மிச்சம் வைப்பதைப் பார்த்தான். மே மாதம் மாடிப்படியில் பாதி ஏறி உட்கார்ந்துவிட்டாள், அதையும் பார்த்தான். கேட்டால் வலிக்கிறது என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் கேட்காமலே இருந்தான்.

ஜூலை பிறந்தது. முதல் வாரத்திலேயே டாக்டர், ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. ஒரு பைசா தகராறு வரவில்லை.

டாக்டர் நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "குடல்ல கட்டி. ஈரல் முழுக்கப் பரவியிருக்கும்மா. அறுத்து எடுக்கற கட்டம் தாண்டிருச்சு." இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"போன வாரந்தான்" என்றாள் லோர்னா. சொல்லும்போது அவள் குரல் பிசிறவேயில்லை.

வெர்னன் குறுக்கிட்டான். "இல்ல டாக்டர். மார்ச்சுலேர்ந்து. காட்டிரலாமான்னு கேட்டா. நான்தான்... நான்தான் ஜூலை வரைக்கும் பொறுக்கச் சொன்னேன்."

லோர்னா அவன் தொடைமேல் கையை வைத்து அழுத்தினாள்.

"வெர்னுக்கு எப்பவுமே தேதி ஞாபகம் இருக்காது டாக்டர். எங்க கல்யாண நாளக் கேட்டுப் பாருங்க, முழிப்பான்" என்றாள். "போன வாரம்னே எழுதிக்கோங்க."

டாக்டர் அவள் சொன்னபடியே எழுதினார்.