விலையில் அடங்கியது

தையல்காரியின் தங்கை, இலவசமாகக் கிடைத்தால் மட்டும்தான் ஒரு பொருளைக் கையில் வாங்குவாள். சொன்னால் ஏதோ பேராசைக்காரி போலத் தோன்றும். விஷயம் நேர் எதிர்.

அவள் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் மாமியார் வாயைத் திறந்தாலே விலைவாசிதான். இரண்டாம் தடவை தட்டில் போட்டுக்கொண்டால் மளிகை விலை. குளித்துவிட்டு வந்தால் தண்ணீர் வரி. தலைவலி என்று படுத்தால் மாத்திரை விலை. கடைசியில் ஒரு நாள் கணவனே வாடகை வண்டியில் கொண்டுவந்து அக்கா வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். போகிறவன் சும்மா போகவில்லை. வண்டிக்கூலியில் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனான். கொடுத்தவள் தையல்காரி.

சின்ன வயதில் பால் பாத்திரத்தையே சுற்றிவருவாள் என்பதால் தங்கைக்கு வீட்டில் பூனை என்று பெயர். இப்போது அந்தப் பெயர் வேறு விதமாகப் பொருந்தியது. நடந்தால் சத்தம் கேட்பதில்லை. தான் இருக்கும் அறையில் விளக்கு போடுவதில்லை; அக்கா கடையிலிருந்து விழும் வெளிச்சத்தில் உட்கார்ந்துகொள்வாள். கடை என்றால் வீட்டின் முன்னறைதான். அங்கே பட்டன் கட்டுவாள், மடிப்புக்குக் கைத்தையல் போடுவாள். அதற்குக் காசு கொடுத்தால், "சாப்பாட்டுக்குக் கழிச்சுக்கோ அக்கா" என்பாள். தையல்காரி ஆசையாக ஒரு புடவை எடுத்து வந்தாள். அது பிரிக்காமலே திரும்பக் கடைக்குப் போனது. ஆனால் சோப்போடு ஒட்டி வந்த சின்ன சோப்பையும், மருந்துக்கடைக்காரர் கொடுத்த காலண்டரையும் மறுக்காமல் எடுத்துக்கொண்டாள். அவற்றுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை அல்லவா? அவள் கணக்கு அது.

குப்பைக்குப் போகும் துணி வெட்டுகளையும் நூல் வால்களையும் அதே கணக்கில்தான் எடுத்துக்கொண்டாள். ஒரு நாள் தங்கையின் தலையணையைத் தட்டிப் போடும்போது தையல்காரி அவற்றைப் பார்த்தாள். உள்ளங்கை அளவுத் துணிகளில் இலைகளும் பூக்களும் கொடிகளும். ஒரே இலைக்குள் நாலு பச்சை. மிஞ்சிய நூல் எந்தப் பச்சையோ அந்தப் பச்சை. தையல்காரி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கால் சட்டைக்கு ஜிப் வைத்தே வயதாகிப்போனவள் அவள். தன் வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு கை இருப்பது தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

அந்த வாரமே தையல் மிஷின் கடையின் விளம்பரத் தாள் வந்தது. புது ஓவர்லாக் மிஷின் வாங்கினால் குடும்பத்தில் ஒருவருக்குக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி பயிற்சி, ஒரு மாதம், முற்றிலும் இலவசம். முடித்தவர்களுக்கு வேலைக்கும் அவர்களே சொல்லிவிடுவார்களாம்.

பயிற்சிக்குத் தனியாகப் பணம் கட்டினால் பூனை படியிறங்க மாட்டாள். இலவசம் என்றால் இறங்குவாள். ஆனால் அதில் ஒரு முடிச்சு இருந்தது. தையல்காரியிடம் ஏற்கெனவே ஓர் ஓவர்லாக் மிஷின் இருந்தது. நன்றாகவும் ஓடியது.

ஓவர்லாக் என்றால் என்ன என்று தெரியாதவர்கள், போட்டிருக்கும் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்க்கலாம். ஓரம் பிரியாமல் சங்கிலி போல நூல் பின்னியிருக்கும். அதைச் செய்யும் மிஷினுக்குள் ஒரு சின்னக் கத்தி முன்னால் போய்த் துணியின் பிசிறைச் சீவிக்கொண்டே இருக்கும். பின்னால் ஊசி இறங்கும். ஊசிக்குக் கீழே இரண்டு வளைந்த கொக்கிகள் ஆளுக்கொரு நூலைச் சுமந்துகொண்டு, ஒன்று கீழிருந்தும் ஒன்று மேலிருந்தும் ஆடிக்கொண்டிருக்கும். ஊசி மேலே ஏறத் தொடங்கும்போது அதன் முதுகில் நூல் லேசாகப் புடைக்கும். அந்தப் புடைப்புக்குள் கீழ்க்கொக்கி மூக்கை நுழைக்க வேண்டும். சரியாக நுழைந்தால் தையல். மயிரிழை முந்தினாலும் பிந்தினாலும் நூல் பிடிபடாது. தையல் விட்டுவிட்டு விழும். அந்தக் கொக்கியைப் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு திருகுதான்.

தங்கை குளிக்கப் போயிருந்த நேரத்தில் தையல்காரி அந்தத் திருகைத் தளர்த்தி, கொக்கியைச் சற்றே தள்ளி, மறுபடி முடுக்கினாள். பெற்ற பிள்ளைக்கு வேண்டுமென்றே காய்ச்சல் வரவழைத்தது போலிருந்தது அவளுக்கு.

"அய்யய்யோ, தையல் விடுதேடி! இதோட ஆயுசு முடிஞ்சுது போல" என்று கூவினாள்.

பூனை வந்து பார்த்தாள். "மெக்கானிக்கைக் கூப்பிடலாமே அக்கா?"

"அவன் வந்தா கழட்டிப் போட்டுட்டுப் போவான், மாட்ட வேற ஆளத் தேடணும். புதுசுதான் வாங்கணும். எப்படியும் வாங்கித்தான் ஆகணும். கூடவே ஏதோ பயிற்சி வேற இலவசமாத் தர்றானாம். எனக்கு எங்க நேரம்? வீணாத்தான் போகப்போகுது."

பூனை நின்று யோசித்தாள். "யாரும் போகலேன்னா வீணாப் போயிடுமா?"

"பின்ன?"

"அப்போ... நான் போகட்டுமா அக்கா?"

அக்கா வீட்டுக்கு வந்த மூன்று வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்ட முதல் விஷயம் அது. தையல்காரி குனிந்து, கீழே விழாத ஊசியைத் தேடினாள்.

புது மிஷின் வந்து இறங்கியது. பயிற்சி வரவில்லை. அதற்குப் பதில் ஒரு பெட்டி நூல்கண்டும் கத்தரிக்கோலும் வந்தன. தையல்காரி நேராகக் கடைக்குப் போனாள். டை கட்டிய மேலாளர் சிரித்த முகமாகச் சொன்னார்:

"மேடம், அந்த ஆஃபர் ஸ்டாக் உள்ளவரைதான்."

"பயிற்சி என்ன தக்காளியா சார், ஸ்டாக் தீர்றதுக்கு? தாள்ல அப்படி எங்க போட்டிருக்கு, காட்டுங்க பார்க்கலாம்."

"இலவசம்தானே மேடம், அதுக்குப் போய்..."

அந்த 'அதுக்குப் போய்' அவளுக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

வீட்டில் பூனை என்னவோ மாறியிருந்தாள். செருப்பைத் துடைத்து வைத்திருந்தாள். பயிற்சி நிலையம் இருக்கும் தெருவுக்கு எந்தப் பேருந்து என்று பக்கத்து வீட்டில் கேட்டு வைத்திருந்தாள். ஒரு நாள் தனியாகவே அங்கே போய், கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "ஒரே நேரத்துல பன்னெண்டு ஊசி அக்கா! ஒண்ணு தைக்குது, மத்ததெல்லாம் வேற வேற கலரோட வரிசையில நின்னு காத்திருக்கு" என்று சாப்பிடும்போது சொன்னாள். சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டாள். தையல்காரி அந்தக் கரண்டியைப் பார்க்காதவள் போல இருந்தாள்.

"தரலேன்னா பரவாயில்ல அக்கா. இலவசம்தானே. அங்க வெளியில நின்னு பார்க்கவே நல்லாத்தான் இருக்கு. துணியை மடிச்சு வைக்கற வேலைக்கு ஆள் வேணும்னு போட்டிருக்கான். கேட்டுப் பார்க்கட்டுமா?"

"நீ ஏண்டி மடிக்கணும்? உக்காந்து தைக்கப்போறவ நீ. விடமாட்டேன் நான்."

இங்கே அவள் விட்டிருக்கலாம். பின்னால் அதைப் பல தடவை நினைத்தாள்.

நுகர்வோர் குறைதீர் அலுவலகத்தில் இப்படித்தான் நடக்கும்: முதலில் புகாரை வாங்கிக்கொண்டு கடைக்கு விளக்கம் கேட்டு எழுதுவார்கள். பிறகு இரண்டு தரப்பையும் ஒரே மேசைக்குக் கூப்பிட்டு, பேசித் தீர்க்க முடியுமா என்று பார்ப்பார்கள். முடியாவிட்டால்தான் வழக்கு. பயிற்சிக்குப் போக வேண்டியவரையும் அழைத்து வரச் சொல்லியிருந்ததால் பூனையும் வந்தாள். சுவரோரம் போட்டிருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

அதிகாரி ஒரு அம்மாள். தொண்டை கட்டியிருந்ததால் வெந்நீரைக் குடித்துக் குடித்துப் பேசினார். மேலாளர் முந்திக்கொண்டார்.

"மேடத்துக்கு மிஷின் தேவைப்பட்டுது, வாங்கினாங்க. மிஷின் நல்லா ஓடுது. இலவசம்கறது நாங்க மனசாரக் குடுக்கறது. காசு குடுக்காத பொருளுக்கு எப்படிம்மா புகார் குடுக்க முடியும்?"

அதிகாரி தையல்காரி பக்கம் திரும்பினார். "ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. இந்தப் பயிற்சி இல்லேன்னா இந்த மிஷினை வாங்கியிருப்பீங்களா?"

"நான் எதுக்கு வாங்கறேன்?" தையல்காரிக்கு ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. "வீட்ல பழைய மிஷின் குதிரை மாதிரி ஓடிட்டிருந்துதும்மா. நானே கொக்கியைத் தள்ளி வச்சு அதைக் கெடுத்தேன். இப்பவும் ஒரு திருகு திருப்பினா ஓடும். இந்தப் பயிற்சிக்காக மட்டும்தான் இவ்வளவு பெரிய மிஷினை வாங்கினேன்!"

"அதேதான்" என்று அதிகாரி மேசையைத் தட்டினார். அவருக்கும் விளக்கிச் சொல்வதில் தனி உற்சாகம் உண்டு போலும். "கேளுங்க சார். எந்தக் கடைக்காரரும் சொத்தை வித்து இலவசம் குடுக்கறதில்ல. மிஷினுக்கு விலை போடும்போதே பயிற்சியோட செலவையும் சேர்த்துத்தான் போடுறீங்க. இவங்க ஒரே விலை குடுத்து ரெண்டையும் வாங்கியிருக்காங்க. தாள்ல மட்டும்தான் அது இலவசம். விலையில அது அடக்கம். அதனாலதான் அது இவங்க உரிமை, உங்க தர்மம் இல்ல."

தையல்காரிக்கு யாரோ முதுகைத் தட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது. எவ்வளவு அழகான விஷயம்! மிஷினைக் கழற்றி உள்ளே காட்டியது போல.

"அப்படிச் சொல்லுங்கம்மா! அப்போ அது நான் முழுசாக் காசு குடுத்து வாங்கினதுதான்!" என்று சொல்லிக்கொண்டே, கேட்டாயா என்பது போலத் தங்கை பக்கம் திரும்பினாள்.

பூனை அக்காவைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைத் தையல்காரி முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறாள், வாடகை வண்டியின் கதவருகில்.

மேலாளர் வழக்கு வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார். அடுத்த திங்கள்கிழமையே வகுப்பில் சேரலாம் என்று கையெழுத்துப் போட்டார். "வாழ்த்துக்கள்மா, நல்லாக் கத்துக்கோ" என்று அதிகாரி பூனையிடம் சொன்னார். பூனை எழுந்து நின்று கைகூப்பினாள்.

பேருந்திலிருந்து இறங்கி நடக்கும்போது பூனை கேட்டாள்: "பழைய மிஷின் நல்லாத்தான் இருந்துதா அக்கா?"

"அது... ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டி. ஜெயிக்கணும்னா அப்படிச் சொல்லணும்னு..."

"நல்லாத்தான் இருந்துது."

அன்று இரவு ஒரு தடவைதான் தட்டில் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை தையல்காரி எழுந்து வந்தபோது, புது மிஷினின் முன்னால் பூனை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஓரம் அடிக்க வேண்டிய துணிகள் எல்லாம் அடுக்கியிருந்தன. பள்ளிக்கூடச் சீருடை, தலையணை உறை, யாருடையதோ கால் சட்டை.

"என்னடி இது, விடியக்காலையில?"

"இந்த மிஷினோட விலை தேறற வரைக்கும் நான் தைக்கறேன் அக்கா. அப்புறம் பார்க்கலாம்."

"யாரு கேட்டா உன்கிட்ட? நான் கேட்டேனா? உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்?"

"நீ கேக்கமாட்டே. எனக்குத் தெரியும்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தையல்காரி ஒரு சண்டை போட்டிருப்பாள். மிகவும் அன்பாகச் சொன்னாள். அக்காவின் கையைக்கூடத் தொட்டுவிட்டுத்தான் பெடலை மிதித்தாள். கொக்கி எங்கே நூலைப் பிடிக்கும், எங்கே விடும் என்று யாருக்கு வேண்டுமானாலும் தையல்காரி விளக்கிவிடுவாள். கொடுத்தவள் கணக்கு வைக்கவில்லை என்பதை, வாங்கினவளுக்கு எப்படி விளக்குவது?

திங்கள்கிழமை வகுப்பு தொடங்கியது. பூனை போகவில்லை. செவ்வாய்க்கிழமை பயிற்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"மேடம், உங்க வீட்லேர்ந்து யாரும் வரலியே. சீட் காலியா இருக்கு. வர்றாங்களா, இல்ல வேற யாருக்காவது குடுத்துடலாமா?"

தையல்காரி போனைப் புடவையில் பொத்திக்கொண்டு தங்கையைப் பார்த்தாள். "பூனை, கடைசியாக் கேக்கறாங்கடி. பன்னெண்டு ஊசிடி."

பூனை மிதிப்பதை நிறுத்தவில்லை. துணியின் ஓரத்தைக் கத்திக்கு நேராக ஒத்து வைத்தபடியே தலையை ஆட்டினாள், மெதுவாக, இல்லை என்று.

"குடுத்துடுங்கம்மா" என்றாள் தையல்காரி போனில்.

"நிஜமாவா மேடம்? புகார் குடுத்து வாங்கினது நீங்கதானே?"

"ஆமா. நான்தான்."