ஒன்பது நாளில் இத்தாலி

"அங்கிள், இத்தாலி ரூரிலை மைக் பிடிக்கப்போறது நான்தான். நோட்டீசிலை என்ரை பெயரைப் போடுங்கோ."

நிரூபா கேட்டேவிட்டாள். சுற்றுலாவுக்கு வழிகாட்டியாகப் போவதை மட்டும் ஒருநாளும் வாய்திறந்து கேட்டுவிடாதே என்று அம்மா குணவதி அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். லீவு கேள், சம்பளம் கூட்டிக் கேள். ஆனால் கலியாணம் முடிக்காத பெட்டை நாற்பது சனத்தைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றப்போறன் என்று நின்றால் தமிழ்ச்சனம் நிறைஞ்ச ஸ்காபரோ முழுக்க நாறிப்போகும்.

செல்வரட்ணம் அங்கிள் தலையை நிமிர்த்தினார். "பிள்ளை, ரீ குடிச்சனியோ?" பதில் இல்லாத இடத்தில் அவர் தேத்தண்ணீரைத்தான் விசாரிப்பார்.

நகைக்கடைக்கும் மீன்கடைக்கும் நடுவில், நிரூபா வேலைசெய்யும் அவருடைய பயண முகவர் கடை. அவர் இதுவரை விற்றது சென்னைக்கும் கொழும்புக்கும் டிக்கெட். இத்தாலி அவள் கொண்டுவந்த யோசனை. குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. கட்டடக்கலை வரலாறு என்றதும், "அப்ப மேசன் வேலைக்கோ?" என்று கேட்டுச் சிரித்த சனம் இது. அதே சனத்தை இத்தாலியின் மொன்ரியாலே பேராலயத்துக்குள் நிறுத்தி, சுவர் முழுக்க மின்னும் பொன்னைக் காட்டவேண்டும். பலேர்மோவில் அரபுக் கொத்தர்கள் தண்ணீரை வாய்க்காலில் ஓடவிட்டுக் குளிரவைத்த ஸீசா கோட்டைக்குள் கூட்டிப்போகவேண்டும் என்று எட்டு மாதம் நூலகத்தில் கிடந்து ஒன்பது நாள் திட்டம் எழுதினாள்.

திட்டம் அங்கிளின் சிவப்புப் பேனை பட்டுத் திரும்பி வந்தது. கோட்டைகள் எல்லாம் வெட்டு. "கோட்டையிலை ஆர் பிள்ளை நேர்த்தி வைக்கிறது?" பதுவை அந்தோனியாருக்கு அரை நாள், அவர் கைகண்ட தெய்வம், சைவக்காரரும் மெழுகுதிரி கொளுத்துவினம். மொன்ரியாலேக்குப் பதினைந்து நிமிடம். பலேர்மோவில் இருக்கும் அங்கிளின் மச்சாள் வீட்டுச் சாப்பாட்டுக்கு மூன்று மணித்தியாலம்.

"மைக்குக்கு மூர்த்தி இருக்கிறார்," என்றார் அங்கிள்.

சோபாவில் இருந்த விநாயகமூர்த்தி சால்வையைச் சரிசெய்தார். ஸ்காபரோவில் எந்தக் கலியாணத்திலும் 'மணமகளின் தாய்மாமனை மேடைக்கு அழைக்கிறோம்' என்று முழங்குவது அவருடைய குரல்தான். "தங்கச்சி, நான் எண்பத்தாறிலை ரோமிலை மூண்டு மாசம் இருந்தனான்."

"எங்கை அண்ணை?"

"கள்ளமாய் ஆள் அனுப்பிற ஏஜென்சிக்காரன்ரை அறையிலை."

"வெளியிலை போனனீங்களோ?"

"அவன் எங்கை விட்டவன்? பொலிஸ் பிடிச்சிடும். யன்னலாலை ஒரு கோபுரம் தெரியும்."

"என்ன கோயில்?"

விநாயகமூர்த்தி யோசித்தார். "கோயிலோ, தண்ணித் தாங்கியோ... எதெண்டாலும் நல்ல உயரம்."

நிரூபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதன் போவதில் யாருடைய பெயரும் கெடாது.

அங்கிள் மேசையில் தட்டினார். "சண்டை வேண்டாம். நீ எல்லாத்தையும் கசற்றிலை பதிஞ்சு தா. பஸ்ஸிலை போடுவம். உன்ரை குரலும் போகும், குமர்ப்பிள்ளை நீயும் வீட்டோடை நிப்பாய்." பெரிய வழக்கைத் தீர்த்துவைத்த திருப்தி முகத்தில் வழிந்தது.

"பஸ் வழியிலை நிண்டுட்டா, கசற் கோயில் கூரையைப் பற்றிச் சொல்லேக்கை சனம் பெற்றோல் ஷெட்டைப் பாத்துக்கொண்டிருக்குமே?"

"நான் நிப்பாட்டி நிப்பாட்டிப் போடுவன்," என்றார் விநாயகமூர்த்தி.

"எந்த இடத்திலை நிப்பாட்டிறதெண்டு எப்பிடித் தெரியும்?"

"அதையும் நீயே பதிஞ்சு விடன். 'மூர்த்தி அண்ணை, இப்ப நிப்பாட்டுங்கோ' எண்டு."

அங்கிள் "அதுதானே!" என்று தலையாட்டினார்.

நிரூபா மேசையிலிருந்த, திட்டம் எழுதிய தன் மூன்று கொப்பிகளையும் எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"உது கடையின்ரை எல்லோ?" அங்கிள் பாதி எழும்பினார்.

"கடை தந்தது நான் இருந்து எழுதின கதிரை மட்டும் அங்கிள். அது அங்கை இருக்கு."

"சனத்துக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

"தண்ணித் தாங்கியைக் காட்டுங்கோ. அதுக்கும் கும்பிடுவினம்."

திட்டம் வெட்டுப்பட்டு வந்த அன்றே அவள் முடிவெடுத்துவிட்டாள். ஏப்ரலில் தனியாக இத்தாலிக்குப் போவாள். இன்று கேட்டது, கேட்காமல் போனாள் என்று இவர்கள் நாளைக்குச் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான். குளிர் ஜாக்கெற்றை மாட்டினாள். கதவை அகலத் திறந்து, சாத்தாமலே வெளியே நடந்தாள். பெப்ரவரிக் குளிர் உள்ளே போகட்டும்.